புகைக்கூட்டில் இருந்து விழுந்த கரியை எங்கே கொட்டுவது?

வாசகர் கேள்வி – பதில்

ஒக்டோபர் வந்தால் இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். கோடையில் கறிவேப்பிலையும் வீட்டு வரியும், குளிர் தொடங்கியதும் ஹீட்டிங், பனி, கார் டயர். இந்த முறை விறகு அடுப்பைப் பற்றி ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். வாங்கக்கூடிய விலையில் வீடு தேடி ரொறன்ரோவை விட்டுத் தள்ளிப் போகிற எங்கள் ஆட்களில் சிலருக்கு விறகு அடுப்போடு சேர்ந்த பழைய வீடு கிடைக்கிறது, ஆனால் அதை எப்படிக் கையாள்வது என்று சொல்லித்தர வீட்டில் மூத்தவர்கள் யாரும் இல்லை. எனக்கும் இல்லை, நானும் கேட்டுக் கேட்டும் செய்து பார்த்தும்தான் படித்தேன். அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க அதற்கே.

*

கேள்வி (பீற்றர்பறோ வாசகர்): அண்ணா, போன வருசம் ஸ்காபரோவை விட்டு இங்கே ஒரு பழைய வீட்டுக்கு வந்தோம், விறகு அடுப்பு இருக்கிறது. இந்த வருசம் நானே பிரஷ் வாங்கிப் புகைக்கூட்டைச் சுத்தம் செய்தேன். முக்கால் வாளி கரி விழுந்தது. சிலது தூள், சிலது மினுமினுப்பான செதில், சுட்ட தார் மாதிரி மணம். இதை என்ன செய்வது? குப்பையில் போடலாமா, வளவில் புதைக்கலாமா? திருப்பி அடுப்பில் போட்டு எரித்துவிடு, நான் அப்படித்தான் செய்கிறேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி, காரணம் பிறகு. இறுக்கமான மூடி உள்ள உலோக வாளி ஒன்றில் முழுவதையும் போட்டு மூடுங்கள். அதை வீட்டை விட்டுச் சில மீற்றர் தள்ளி, கல்லின் மேலோ சீமெந்துத் தரையிலோ வையுங்கள், மரத் தளத்திலோ கராஜுக்குள்ளோ வேண்டாம். நான்கைந்து நாள் அப்படியே கிடக்கட்டும். பிறகு தடித்த பிளாஸ்டிக் பையில், பைக்குள் பையாக இரட்டையாகப் போட்டுக் கட்டி, வீட்டுக் குப்பையோடு விடுங்கள். உணவுக் கழிவு போடுகிற பச்சைத் தொட்டிக்கும் மீள்சுழற்சிக்கான நீலத் தொட்டிக்கும் அது போகவே கூடாது. ஒரு வீட்டில் விழுகிற அளவைப் பெரும்பாலான இடங்களில் சாதாரணக் குப்பையாக எடுத்துக்கொள்வார்கள், ஆனாலும் விதி ஊருக்கு ஊர் மாறும், ஒரு தடவை உங்கள் நகரசபைக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், உங்கள் வாளியில் இருப்பது சாம்பல் இல்லை. சாம்பல் எரிந்து முடிந்த பொருள், இது எரியாமல் தப்பிப் போன பொருள். விறகு சூடாகும்போது அதில் இருந்து வாயுவும் தார்ப் புகையும் நீராவியும் கிளம்பும். அடுப்புக்குள் போதிய சூடும் காற்றும் இருந்தால் அவையும் தீயாகிவிடும், இல்லாவிட்டால் அப்படியே மேலே போய், புகைக்கூட்டின் சுவர் குளிர்ந்து கிடக்கும் இடத்தில், ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்குக் கீழே, சோற்றுப்பானை மூடியில் ஆவி படிகிற மாதிரிப் படிந்து, காய்ந்து, அதன் மேல் இன்னொரு படை, அதன் மேல் இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போகும். அதுதான் கிரியோசோட். ஊரில் குசினி வளைகளிலும் கிடுகிலும் தென்னம்மட்டைப் புகை பட்டுப் பட்டுக் கறுப்பாய்ப் பளபளவென்று பிடித்திருந்ததே, அதற்கு இது சொந்தக்காரன்.

ஆக, அது எரிபொருள். குளிர்ந்த புகைக்கூட்டில் இருந்து விழுந்த செதில் தானாகத் தீப்பிடிக்காது. ஆனால் அது விழுவது அடுப்புக்குள், அங்கே சாம்பல், சாம்பலுக்குள் தணல். சாம்பலுக்குள் புதைந்த தணல் நான்கு நாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். இரண்டையும் ஒரே வாளியில் அள்ளிப் போட்டால் நெருப்பையும் எரிபொருளையும் நாமே சேர்த்து வைத்த மாதிரி. நான் விறகு அடுப்பு வைத்த முதல் வருசம் அடுப்பு அணைந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்ற நம்பிக்கையில் பிளாஸ்டிக் வாளியில் அள்ளிப் பின்பக்க மரத் தளத்தில் வைத்தேன். அடுத்த நாள் காலை வாளியின் அடி உருகிப்போயிருந்தது, கீழே பலகை உள்ளங்கை அளவுக்குக் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. பனி பெய்து மரம் நனைந்திருந்ததால் வீடு தப்பியது. பிள்ளைகள் அந்தச் சுவருக்கு மறுபக்கம் படுத்திருந்தார்கள். அந்தப் பலகையை இன்றைக்கும் நான் மாற்றவில்லை, ஒவ்வொரு வருசமும் கண்ணில் படட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்.

இனிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. அவர் சொல்வதில் பாதி உண்மை, அது எரியும். பிரஷ் போட்ட பிறகு மூலையில் ஒட்டிக் கிடக்கிற ஒரு பிடி தூள் அடுத்த நல்ல நெருப்போடு எரிந்து போகும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முக்கால் வாளி வேறு கதை. அது ஒரேயடியாய்ப் பற்றிக்கொண்டால் அடுப்பு தாங்கும் சூட்டைத் தாண்டிப் போகலாம், பற்றாத பகுதி திரும்பவும் தார்ப் புகையாகி, நீங்கள் இப்போதுதான் சுத்தம் செய்த அதே சுவரில் போய் ஒட்டும். ஒரு நாள் முழுக்கக் கூரை ஏறிச் செய்த வேலையைத் திருப்பி உள்ளே அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. புதைப்பதும் வேண்டாம், அது ஏன் என்று அடுத்த கேள்விக்குச் சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கொட்டிவிட்டால் கொட்டியதுதான், அதற்கு முன் அதைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு பழைய பத்திரிகையில் ஒரு பிடியைப் பரப்புங்கள். மென்மையான கறுப்பு அல்லது கபிலத் தூளாக இருந்தால் நீங்கள் நன்றாகத்தான் எரிக்கிறீர்கள். கோர்ன்ஃபிளேக்ஸ் உடைந்த மாதிரி மினுங்குகிற கடினச் செதில்கள் கூடுதலாக இருந்தால் நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை அல்லது விறகு ஈரம். உருகின கண்ணாடி மாதிரித் தடித்துப் பளபளத்த துண்டு இருந்தால் அது மூன்றாவது நிலை, அந்தப் புகைக்கூட்டில் ஒருவர் வந்து பார்க்கும் வரைக்கும் நெருப்பு வைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் தூளும் செதிலும் என்று இருக்கிறது, அதனால் இரவில் படுக்கப் போகும்போது காற்று வாயிலை முழுக்க மூடி விடிய விடியப் புகைய விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கட்டைகள் நீண்ட நேரம் நின்று எரிய வேண்டும் என்று எல்லோரும் தொடக்கத்தில் அதைத்தான் செய்வார்கள், வாளி நிறைவதும் அதனால்தான். சின்ன நெருப்பாய், ஆனால் சுவாலையோடு எரிய விடுங்கள்.

விறகையும் பாருங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அப்போது வெட்டின மரத்தில் 50 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். கடையில் ஈரம் பார்க்கும் சின்னக் கருவி விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள், கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். மேப்பிள் ஒரு வருசமாவது பிளந்து அடுக்கிக் காய வேண்டும், ஓக் இரண்டு வருசம் கேட்கும். 'காய்ந்த விறகு' என்று சொல்லி லொறியில் கொண்டுவந்து இறக்குபவரின் சொல்லை விட அந்தக் கருவியை நம்புங்கள்.

இந்த வருசம் எத்தனை வாளி என்று திகதி போட்டு எழுதி வையுங்கள். சுவரில் 3 மில்லிமீற்றர் படிந்துவிட்டால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது என்பது இந்த நாட்டுப் புகைக்கூட்டுக்காரர்கள் பின்பற்றும் கணக்கு. வருசம் ஒரு தடவை என்று காத்திருக்காமல், புது வீடு, புது விறகு என்பதால் இந்தக் குளிருக்கு மாதம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் புகைக்கூட்டுத் தீ. உள்ளே படிந்தது பற்றிக்கொண்டால் சூடு 1000 பாகையைத் தாண்டும், வீட்டுக்கு மேல் ரயில் போகிற மாதிரி இரைச்சல் கேட்கும், குழாய் அதிரும். அப்படிக் கேட்டால் கைக்கு எட்டுகிற காற்று வாயிலை மூடிவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 911 அழையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், கொதிக்கிற குழாயும் உள்ளே பதித்த ஓடுகளும் வெடித்துவிடும். தானாக அணைந்துவிட்டாலும் யாராவது வந்து பார்க்காமல் அடுத்த நெருப்பு வைக்காதீர்கள், ஏனென்றால் எரிந்த கிரியோசோட் பஞ்சு மாதிரி ஊதிப் பெருத்துப் புகைப் பாதையை அடைத்துவிடும், அடைத்தால் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பும். அதற்கான அலாரம் ஒன்ராறியோவில் சட்டப்படியே வீட்டில் இருக்க வேண்டும், பற்றரி வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.

*

கேள்வி (பிராம்ரன் வாசகி, கொட்டேஜில் விறகு அடுப்பு): ஊரில் அம்மா அடுப்புச் சாம்பலைத்தான் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுவா. பயற்றங்கொடியில் பூச்சி வந்தாலும் சாம்பல்தான் தூவுவா. புகைக்கூட்டுக் கரியும் அதே விறகில் இருந்து வந்ததுதானே, கொம்போஸ்டில் கலந்தால் என்ன?

பதில்: அம்மா செய்தது சரி தங்கச்சி, சாம்பலுக்கு. நல்ல விறகுச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் இருக்கிறது, அளவாகப் போட்டால் மண்ணுக்கு நல்லது. (இங்கே புளூபெரி வைத்திருந்தால் அதன் பக்கம் போகாதீர்கள், அது புளிப்பு மண் கேட்கிற செடி, சாம்பல் அந்தப் புளிப்பைக் கெடுத்துவிடும். உருளைக்கிழங்குப் பாத்திக்கும் வேண்டாம், சொறி நோய் கூடும்.) பூச்சு, வர்ணம், பசை பட்ட மரத்தை எரித்த சாம்பல் என்றால் அதையும் தோட்டத்தில் போடாதீர்கள்.

புகைக்கூட்டுக் கரி அப்படி இல்லை. அதில் பென்சோபைரீன் போன்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பல வளைய ஐதரோகாபன்கள் இருக்கின்றன. இவை தண்ணீரில் இலேசில் கரையாது, மண்ணில் இலேசில் அழியாது. கீரையிலும் கரட்டிலும் ஒட்டிக்கொண்டு திரும்பவும் எங்கள் கோப்பைக்கே வரும். இங்கிலாந்தில் பழைய தோட்டக்காரர்கள் புகைக்கரியைக் கிடப்பில் போட்டு வைத்து உரமாகப் பாவித்திருக்கிறார்கள், யாராவது அதை உங்களுக்குச் சொல்லவும் கூடும், அது நிலக்கரிக் கரி, அதில் இருந்த நைதரசன் உப்புக்காக. அந்தக் காலத்தில் அவர்களுக்கு இந்த நச்சைப் பற்றித் தெரியாது, எங்களுக்குத் தெரியும். கிணறு வைத்த கொட்டேஜ் என்றால் வளவில் குழி வெட்டிப் புதைப்பதையும் மறந்துவிடுங்கள்.

அதனால் ஒழுங்கை மாற்றிக்கொள்ளுங்கள். புகைக்கூட்டைத் துடைப்பதற்கு முன்பே அடுப்பில் உள்ள சாம்பலை வழித்து எடுத்து, ஆறவிட்டுத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். பிறகு பிரஷ் போடுங்கள். அப்போது விழுவது முழுக்கக் கரி, அது குப்பைக்கு. இரண்டும் கலந்துவிட்டால் எல்லாவற்றையும் கரியாகவே கணக்கு வையுங்கள்.

*

கேள்வி (கிங்ஸ்ரன் வாசகி): இவர் கையுறையும் இல்லாமல் முகமூடியும் இல்லாமல் புகைக்கூட்டைச் சுத்தம் செய்கிறார், சொன்னால் "விறகுக் கரிதானே, அம்மா சட்டி கழுவின கரிதானே" என்கிறார். வீட்டு வக்கூமாலேயே கரியையும் இழுக்கிறார். நான் பயப்படுவது பிழையா?

பதில்: பிழை இல்லை. அவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

1775 இல் லண்டனில் பேர்சிவல் பொட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், புகைக்கூடு துடைப்பவர்களுக்கு விதைப்பையில் ஒரு புற்றுநோய் வருவதைக் கவனித்து எழுதினார். நாலைந்து வயதிலேயே குழந்தைகளைப் புகைக்கூட்டுக்குள் ஏற விட்ட காலம் அது, தோலின் மடிப்புகளில் கரி வருசக்கணக்கில் தங்கியது. ஒரு தொழிலால் புற்றுநோய் வருகிறது என்று உலகத்தில் முதலில் காட்டப்பட்டது இந்தக் கரியை வைத்துத்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1892 இல், ஹென்றி பட்லின் என்ற இன்னொரு மருத்துவர், இங்கிலாந்தில் இவ்வளவு இருக்கிற நோய் ஐரோப்பாவின் மற்ற நாட்டுப் புகைக்கூட்டுக்காரர்களிடம் ஏன் இல்லை என்று தேடிப் பார்த்தார். அவர்கள் உடம்பை மூடி உடுத்தார்கள், வேலை முடிந்ததும் உடம்பு கழுவினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அதுதான், மருந்து கிடையாது, நீண்ட கைச் சட்டையும் சவர்க்காரமும்தான். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகைக்கூட்டுத் தொழிலாளர் மேல் படும் கரியை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது.

தினமும் அதே வேலை செய்தவர்களின் கதை இது, உங்கள் கணவர் வருசத்துக்கு ஒரு நாள் செய்கிறார், அதனால் கலங்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு நாளும் என்95 முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, நீண்ட கைச் சட்டை போடச் சொல்லுங்கள், எல்லாம் சேர்த்தும் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுதான். முடிந்ததும் நேரே குளிக்க வேண்டும், உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு தோய்க்கக் கூடாது.

வக்கூமை இன்றைக்கே நிறுத்துங்கள். அதன் வடியால் பிடிக்க முடியாத அளவுக்கு இந்தத் தூள் நுண்மையானது, ஒரு பக்கம் இழுத்து மறு பக்கம் வீடு முழுக்க ஊதிவிடும், இடையில் ஒரு தணல் பொறி போனால் வக்கூமே எரியும். சாம்பலுக்கென்று, நுண்ணிய தூளையும் பிடிக்கிற ஹெப்பா வடி வைத்த உலோக வக்கூம் விற்கிறார்கள், இல்லாவிட்டால் சின்னச் சவளும் தும்புத்தடியுமே போதும். பிரஷ் போடும்போது அடுப்புக் கதவைப் பூட்டி, இடுக்குகளை நாடாவால் ஒட்டிவிட்டு, தூள் அடங்க ஒரு மணித்தியாலம் விட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி (பான்குறொஃப்ட் வாசகர்): பிரஷ் வழுக்கிக்கொண்டு போகிறது, உள்ளே கறுப்புக் கண்ணாடி பூசின மாதிரி. உருளைக்கிழங்குத் தோல் எரித்தால் போகும் என்கிறார்கள், உப்பும் போடச் சொல்கிறார்கள்.

பதில்: மேலே சொன்ன மூன்றாவது நிலை இது. உப்புப் போடவே போடாதீர்கள், துருப்பிடிக்காத இரும்புக் குழாயையும் அது அரித்துவிடும். கிழங்குத் தோலை நம்பி இந்தக் குளிரைக் கழிக்க வேண்டாம். புகைக்கூடு துடைக்கும் கட்டை என்று கடையில் விற்பதில் உள்ள மருந்து இந்தப் படையைக் காயவைத்து உடையக்கூடியதாக்க உதவலாம், ஆனால் உடைந்ததைப் பிறகு பிரஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும், கட்டை எரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது ஆபத்து. சங்கிலி கட்டி அடித்து உடைக்கவும் போகாதீர்கள், உள்குழாய் கிழியும். வேண்டுமென்றே பெரிய நெருப்பு வைத்து எரித்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

விறகு அடுப்பு, புகைக்கூட்டு வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களுக்கு இங்கே கொடுக்கிற 'வெட்' (WETT) சான்றிதழ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். சுழலும் கருவியும் அதற்கான மருந்தும் அவர்களிடம் இருக்கும், சில நேரம் உள்குழாயையே மாற்றச் சொல்வார்கள். செலவுதான், ஆனால் வீட்டுக் காப்புறுதிக்காரரும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர் பார்த்த அறிக்கையைத்தான் கேட்பார். எடுத்த துண்டுகளை அவர்களே கொண்டுபோவார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். குழாயின் மூட்டில் இருந்து கபில நிறத்தில் தார் ஒழுகினால் அதைத் துணியால் துடைத்துக் குப்பையில் எறிய வேண்டாம். பூனையின் கழிவுத் தட்டில் போடுகிற களிமண்ணை அதன் மேல் கொட்டி உறிஞ்சவிட்டு, தகரத்தில் மூடி, நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படைப்பதுதான் சரி. ஒழுகுகிறது என்றால் குழாய்த் துண்டுகள் தலைகீழாகப் பொருத்தியிருக்கலாம், ஒடுக்கமான முனை அடுப்பைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போது ஒழுகுவது உள்ளேயே போய் எரிந்துவிடும். வருபவரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி (ஒட்டாவா வாசகர்): ரயில் சிலிப்பர் கட்டைக்குப் பூசுகிற கிரியோசோட்டும் இதுவும் ஒன்றா? ஒருவர் பழைய சிலிப்பர் கட்டைகள் இலவசமாகத் தருகிறார், அறுத்து விறகாக்கலாமா?

பதில்: பெயர் ஒன்று, ஆள் வேறு. சிலிப்பரில் இருப்பது நிலக்கரித் தாரில் இருந்து எடுத்தது, உங்கள் புகைக்கூட்டில் இருப்பது விறகுப் புகையில் இருந்து வந்தது. பெயர் முதலில் விறகுக்குத்தான். 1830களின் தொடக்கத்தில் கார்ல் வொன் ரைக்கன்பாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பீச் மரத் தாரில் இருந்து அதைப் பிரித்து, கிரேக்க மொழியில் இறைச்சியைக் காப்பது என்ற பொருளில் அந்தப் பெயர் வைத்தார், புகையில் தொங்கவிட்ட இறைச்சி கெடாமல் இருப்பதை மனதில் வைத்து.

கட்டைகளை வாங்காதீர்கள். அடுப்பிலும் எரிக்கக் கூடாது, வெளியே குளிர்காயவும் எரிக்கக் கூடாது. புகையும் நஞ்சு, மிஞ்சுகிற சாம்பலும் நஞ்சு. மரக்கறிப் பாத்திக்கு வரம்பாக வைக்கவும் வேண்டாம். தருகிறவர் நல்ல மனதோடுதான் தருவார், ஆனால் உங்கள் வளவுக்கு வந்துவிட்டால் அதை அப்புறப்படுத்தும் செலவு உங்களுடையது.

*

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்): கரி வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போது வெளிர் நிறக் கம்பளத்தில் கொஞ்சம் கொட்டிவிட்டது. மாமி வரும் முன் எடுக்க வேண்டும்!

பதில்: தண்ணீர் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள், இரண்டும் கரியை நாருக்குள் இறக்கிவிடும். பெரிய துண்டுகளைக் கரண்டியால் கிள்ளி எடுங்கள். ஹெப்பா வடி உள்ள வக்கூமின் குழாயைக் கம்பளத்தில் முட்டாமல் ஒரு விரல் மேலே பிடித்து இழுங்கள். பிறகு கரி எடுக்கும் உலர்ந்த ரப்பர் பஞ்சு என்று கடைகளில் விற்கிறது, அதால் ஒற்றுங்கள், ஒவ்வொரு ஒற்றலுக்கும் பஞ்சின் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். மிஞ்சின கறைக்கு உப்புச்சோடாவைத் தூவி இரவு விட்டுக் காலையில் இழுங்கள். செதில் காலில் மிதிபட்டு நசுங்கித் தாராய் ஒட்டியிருந்தால் இதெல்லாம் போதாது, கம்பளம் கழுவுபவரை அழைத்து, கரி என்று சொல்லாமல் விறகுத் தார் என்று சொல்லுங்கள், அவர் வேறு மருந்து கொண்டுவருவார்.